கறிவேப்பிலைச் சாடியில் துரை

சிட்னியிலை இந்த டூங்கபிச் சனம் இப்பவும் என்னைக் கண்டால் பகிடிதான். "என்ன நாகேஸ்வரி அக்கா, ஓணான் வளர்ப்பு எப்பிடிப் போகுது?" எண்டு கேக்குதுகள். கேக்கட்டும். அதுக்குள்ளை சிரிக்க ஒண்டுமில்லை எண்டு எனக்குத்தான் தெரியும். சிவசத்தியமாய்ச் சொல்லுறன், அந்தப் பச்சோந்தி எங்கட வீட்டிலை இருந்த மூண்டு மாதத்திலை நான் சிரிச்ச சிரிப்பும் அழுத அழுகையும் அதுக்கு முன்னம் ஒரு வருசத்திலையும் இல்லை.

எங்கட இவரைப் பற்றி முதல்லை சொல்ல வேணும். பேர் வரதராஜா. பேராதனையிலை படிச்ச எஞ்சினியர், இஞ்சை செவன் ஹில்ஸிலை ஒரு பக்டரியிலை வரைபடம் கீறுறார். கெட்ட மனுசன் இல்லை. குடி இல்லை, சூது இல்லை, என்னிலை கை வைச்சதும் இல்லை. ஆனால் வாய்! எல்லாத்துக்கும் அந்த மனுசனிட்டை ஒரு உத்தரவு இருக்கும். தேத்தண்ணிக்குத் தண்ணி எப்பிடிக் கொதிக்க வேணும், சீலையை எந்தப் பக்கம் திருப்பிக் காயப்போட வேணும், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கு எவ்வளவு பல்லுத் தெரியச் சிரிக்க வேணும் எண்டு எல்லாம் சொல்லித் தருவார். தகப்பன் நேரத்தோடை செத்துப்போக, மூத்தவர் எண்டு சின்ன வயதிலையே வீட்டைப் பொறுப்பெடுத்தவர். அண்டைக்குத் திறந்த வாய்தான், பிறகு மூடேல்லை.

சகோதரங்களிலை கடைசி நித்தியானந்தன். நான் கலியாணம் முடிச்சு அந்த வீட்டுக்குப் போகேக்கை அவனுக்குப் பத்து வயது. என்ரை சூட்கேசைத் தூக்க ஏலாமல் தூக்கிக்கொண்டு முன்னாலை நடந்தவன். எனக்குப் பிள்ளை இல்லை. அவனைத்தான் பிள்ளை எண்டு வளர்த்தன், அதிலை ஒளிக்க என்ன இருக்கு? அவன் என்ன படிக்கிறது, எந்த வேலைக்கு எழுதிப் போடுறது, ஆரைக் கட்டுறது எல்லாம் இவர் சொல்லுறதுதான். நித்தி ஒருநாளும் மறுத்துச் சொன்னவன் இல்லை. "ஓம் அண்ணா." அவ்வளவுதான். ஊரிலை எங்கட பகுதியிலை அதைத்தான் பெரிய குணம் எண்டு கொண்டாடுவினம். மூத்தவன்ரை சொல்லுக்கு மேலை சொல்லில்லை.

அவனுக்கு அநுராதபுரம் ரயில்வேயிலை கிளாக்கர் வேலை. இவர் எடுத்துக் குடுத்த வேலை. இவர் பாத்து முடிச்ச பொம்பிளை இரஞ்சிதம். எழுபத்தேழு ஆவணியிலை, தேர்தல் முடிஞ்ச கையோடை, அங்கங்கை தமிழருக்கு அடி விழத் தொடங்கினது. நித்தி ஸ்ரேசனிலையிருந்து சிட்னியிலை இருந்த எங்களுக்கு ட்ரங்கோல் எடுத்தான். "அண்ணா, இரஞ்சிதத்தைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போகட்டோ?" எண்டு கேட்டான். நான் இவருக்குப் பக்கத்திலைதான் நிண்டனான். இவர் சொன்னார், "வேலையை விட்டுப் போட்டு ஓடாதை. ரெண்டு நாளிலை அடங்கும். நில்."

அவன் நிண்டான்.

கூட்டம் வந்த நேரம் நித்தி ஸ்ரேசனிலை. ஸ்ரேசன் மாஸ்ரர், ஒரு சிங்கள மனுசன், நல்லாயிருக்க வேணும், அவனைப் பார்சல் அறைக்குள்ளை விட்டுப் பூட்டிக் காப்பாத்தினவர். வீட்டிலை இரஞ்சிதம் தனிய. கதவு திறந்து அவன் போய்ப் பாக்கேக்கை அந்த ஒழுங்கையிலை வீடெண்டு ஒண்டும் மிஞ்சேல்லை. செத்தவையை ஆரோ லொறியிலை அள்ளிக்கொண்டு போட்டினமாம். எங்கை எண்டு கேக்கக்கூட விடாமல் இவனை அகதிகளோடை ரயிலிலை ஏத்தி அனுப்பிப் போட்டினம்.

இவர் ஓடித்திரிஞ்சு கார்த்திகை மாதம் அவனை விசிற்றர் விசாவிலை சிட்னிக்கு எடுத்திட்டார். எயார்போட்டிலை நான் கண்டது நித்தியை இல்லை. நித்தியின்ரை சேட்டு ஒண்டைப் போட்ட ஆரோ. கதைக்கிறான் இல்லை. கதிரையைக் காட்டினால் இருப்பான், எழும்பு எண்டால் எழும்புவான், கோப்பையை முன்னுக்கு வைச்சால் ரெண்டு வாய் சாப்பிடுவான். வாயிலையிருந்து ஒரு சொல்லு வராது. நான் குசினிக்குள்ளை போய் நிண்டு சீலைத் தலைப்பை வாய்க்குள்ளை அடைஞ்சுகொண்டு அழுவன்.

அழுகிறதுக்கும் நேரமில்லை. அவன் இஞ்சை நிரந்தரமாய் இருக்கிறதுக்கு இவர் விண்ணப்பம் போட்டிருந்தார். சித்திரை முடிவிலை நேர்முகம். ஆள்தான் வந்து கதைக்க வேணும், அண்ணன் கதைச்சு அலுவல் இல்லை எண்டு குடிவரவுக் கந்தோரிலை கண்டிப்பாய்ச் சொல்லிப் போட்டினம். அங்கை போய் இப்பிடி மரம் மாதிரி இருந்தானெண்டால் மூளை பிசகின ஆளெண்டு திருப்பி அனுப்பி விடுவினம். திரும்பிப் போனால் அவனுக்கு ஆர் இருக்கினம்? எரிஞ்ச ஒழுங்கைதான் இருக்கு. எப்பிடியாவது அவனைக் கதைக்கப் பண்ண வேணும் எண்டதுதான் அந்த வீட்டிலை எங்கட ஒரே சோலி.

இவர் தன்ரை வழியிலை பாடம் நடத்தினார். பின்னேரம் வேலையாலை வந்து மேசையிலை அவனை முன்னாலை இருத்தி, இங்கிலிசிலை கேள்வி கேக்கிறது, மறுமொழியும் தானே சொல்லுறது. "சொல்லு, நித்தி. என்ரை அண்ணனோடை இருக்க விரும்புறன். சொல்லு." அவன் மேசை விரிப்பின்ரை பூவைப் பாத்துக்கொண்டிருப்பான்.

தைப்பொங்கல் முடிஞ்ச கிழமை கார்மனு வந்தான். இவரோடை வேலை செய்யிற மால்ட்டாக்காரன், வீட்டுக்குப் பின்னாலை கோழிப்பண்ணை வைச்சிருக்கிறவன். கையிலை ஒரு தொப்பிப் பெட்டி. கப்பலிலை வேலை செய்யிற மருமோன் ஊரிலையிருந்து களவாய்க் கொண்டந்த சீவனாம். கோழி பாக்க இன்ஸ்பெக்டர்மார் வாறாங்கள், கண்டால் வழக்குப் போடுவாங்கள், கொஞ்ச நாளைக்கு வைச்சிருங்கோ எண்டு கெஞ்சுறான். மூடியைத் திறந்தால் உள்ளை ஒரு பச்சோந்தி! சுருட்டின வாலும், ஒரு கண் என்னையும் மற்றக் கண் இவரையும் பாக்கிற பார்வையும். எனக்கு மேலெல்லாம் கூசிப்போச்சு. "ஐயோ, சாமி அறை இருக்கிற வீடு, கொண்டு போ!" எண்டன்.

இவரும் மாட்டன் எண்டார். நித்தியின்ரை அலுவல் முடியுமட்டும் சட்டத்துக்குப் பிழையான ஒரு துரும்பும் இந்த வீட்டுக்குள்ளை வரக்கூடாது எண்டார். அவர் சொன்னதிலையும் ஞாயம் இருந்தது. அந்த நேரம் மூலைக் கதிரையிலை இருந்த நித்தி எழும்பி வந்து பெட்டிக்குள்ளை கையை விட்டான். ஒருத்தரும் எழும்பச் சொல்லேல்லை. தானாய் எழும்பினான். அந்தச் சீவன் அவன்ரை விரலைப் பிடிச்சு, ஒரு கால் எடுத்து வைச்சு, யோசிச்சு, மற்றக் கால் எடுத்து வைச்சு, மணிக்கட்டுமட்டும் ஏறினது. கறுத்துப் போய் இருந்தது.

"அண்ணி, இதுக்குக் குளிருது" எண்டான்.

ரெண்டு மாதத்துக்குப் பிறகு அந்தத் தொண்டையிலையிருந்து வந்த முதல் சொல்லு. நான் இவரைத் திரும்பிப் பாத்தன். "இது இஞ்சைதான் நிக்கும். வேணுமெண்டால் நீங்கள் வெளியிலை போங்கோ" எண்டன். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து அப்பிடி நான் கதைச்சதில்லை. 

விடுறதுக்கு இடம் எது? கார்மனு சொன்னது, கிளை உள்ள செடி வேணும், வெயில் வேணும் எண்டு. எங்கட நார்த்மீட் வீட்டின்ரை பின்பக்கம் மூண்டு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அதுக்குள்ளை ஒரு பெரிய மரச்சாடியிலை இவரின்ரை கறிவேப்பிலை நிண்டது. அதைப் பற்றி நீங்கள் தெரிஞ்சிருக்க வேணும். எழுபத்திமூண்டிலை சிட்னிக்கு வரேக்கை ஈரச் சாரத்துண்டிலை சுத்திக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சுக் கொண்டந்த சின்னக் கண்டு. சிட்னியிலை அப்ப கறிவேப்பிலை கண்ட தமிழர் எத்தினை பேர்? செவன் ஹில்ஸ், டூங்கபி எண்டு எல்லா இடத்திலையிருந்தும் சனம் வந்து ஒரு நெட்டு இலைக்குக் காத்து நிக்கும். இவர் கத்தரிக்கோலோடை போய், முறிக்காதேங்கோ, பிடுங்காதேங்கோ எண்டு ஆயிரம் சட்டம் சொல்லித்தான் ஒரு நெட்டு வெட்டிக் குடுப்பார். அந்த மரத்திலைதான் நித்தி அதைக் கொண்டுபோய் விட்டான். இவர் பல்லைக் கடிச்சுக்கொண்டு விட்டிட்டார், தம்பி வாய் திறந்தவன் எண்ட ஒரே காரணத்துக்காக.

துரை எண்டு பேர் வைச்சது நான். இருக்கிற இருப்பிலை கண்ணை மட்டும் உருட்டி எல்லாரையும் வேலை வாங்குதே, வேறை என்ன பேர் வைக்கிறது?

வளர்க்கத் தெரிஞ்ச ஆள் ஆர் இருந்தது? ஒருத்தரும் இல்லை. ஒரு கிண்ணத்திலை தண்ணி வைச்சம். துரை திரும்பியும் பாக்கேல்லை. நாள் போகப் போகக் கண் ரெண்டும் உள்ளுக்குப் போட்டுது. செத்துப்போகப் போகுது எண்டு நான் பயந்து நிக்க, இவர் மரத்துக்குத் தண்ணி தெளிக்கேக்கை இலையிலை நிண்ட துளியைத் துரை நக்கினதை நித்தி கண்டிட்டான். "அண்ணி! இலையிலை இருந்துதான் குடிக்குது!" எண்டு கத்தினான். கத்தினான்! பிறகு உடுப்புக்கு ஈரம் அடிச்சு அயன் பண்ணுற போத்தல் துரையின்ரை போத்தலாய்ப் போச்சு. காலமை அவன் அடிக்க, இலை நுனியிலை துளி சேர, துரை தலையைச் சரிச்சுச் சரிச்சுக் குடிக்கும். அவன் பாத்துக்கொண்டே நிப்பான்.

தீனிதான் எனக்குப் பெரிய அரியண்டம். உயிரோடை அசையிற பூச்சி வேணும், செத்ததைத் தொடாது. எங்கட வீடு சைவம். முட்டைகூட ஏத்துறேல்லை. அப்பிடிப்பட்ட வீட்டிலை நித்தி ஈயையும் வெட்டுக்கிளியையும் ஹோர்லிக்ஸ் போத்தலிலை பிடிச்சு அடைச்சுக்கொண்டு வாறான். "வெள்ளிக்கிழமையிலையும் துரைக்கு மச்சச் சாப்பாடோடா?" எண்டு கேட்டன். "துரை வேதக்காரர் அண்ணி, மால்ட்டாவிலை ஞானஸ்நானம் எடுத்தவர்" எண்டான். நான் சிரிச்ச சிரிப்பிலை அடுப்பிலை பால் பொங்கி ஊத்திப்போச்சு. என்ரை பிள்ளை பகிடி விட்டிட்டான்! சாமிக்குக் கற்பூரம் கொளுத்திப்போட்டு, ஈ பிடிக்க நானும் போனன்.

அப்பிடியே சனியன் விலகினது எண்டு நம்பினன். காலமை வெயில் விழுகிற பக்கம் சாடியை அவன் திருப்பி வைப்பான். இரவிலை துரை வெளிறிப்போய்ச் சுருண்டு படுத்தால் யன்னல் காத்து வராமல் துவாய் தொங்கவிடுவான். எது பிடிக்குது, எது பிடிக்கேல்லை எண்டு எனக்கு வந்து சொல்லுவான். அதோடை சேர்த்து மேசைப் பாடமும் ஏறினது. "என்ரை பேர் நித்தியானந்தன். நான் ரயில்வேயிலை வேலை செய்தனான்." இங்கிலிசு திருத்தமாய் வந்தது. இவருக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. இரஞ்சிதத்தின்ரை பேரை மட்டும் அவன் சொல்லேல்லை. நாங்களும் கேக்கேல்லை.

பங்குனி மாதம் துரையின்ரை போக்கு மாறினது. தீனி வேண்டாம் எண்டிட்டுது. வயிறு ஒரு பக்கம் புடைச்சு, மேலெல்லாம் கறுத்து மஞ்சள் புள்ளி போட்டு நிண்டது. ஒருநாளும் மரத்தாலை இறங்காத சீவன் கீழை இறங்கிச் சாடி மண்ணைப் பிராண்டத் தொடங்கினது. முன்னங்காலாலை கிண்டிக் கிண்டி மண்ணை வெளியிலை எறியுது. காலமை பாத்தால் கறிவேப்பிலையின்ரை வேர் வெளியிலை தெரியுது.

இவர் அதைக் கண்டதும் துள்ளின துள்ளல்! "அஞ்சு வருசம் பிள்ளை மாதிரி வளர்த்த மரம்! கண்டறியாத ஓணானுக்காக இதைச் சாக விடுறதோ?" எண்டு கத்தினார். அண்டு பின்னேரமே கோழிக்கூட்டுக் கம்பிவலை வாங்கிக்கொண்டு வந்தார். மண்ணை மூடி, அடிமரத்தைச் சுத்தி வலையை வெட்டி, சாடி விளிம்போடை ஆணி அடிச்சு இறுக்கினார். எஞ்சினியர் வேலையல்லோ, ஒரு விரல் போக இடமில்லை.

நித்தி வாசலிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான், "அண்ணா, அது மண் கேக்குது."

அந்த ட்ரங்கோலுக்குப் பிறகு அவன் தன்ரை வாயாலை அண்ணனிட்டைக் கேட்ட ஒண்டு எண்டால் அதுதான். மற்றபடி ஒரு சேட்டுக்கூடக் கேட்டதில்லை.

"மண்ணை என்ன செய்யிறது? தின்னப் போகுதோ?"

"தெரியேல்லை அண்ணா. ஆனால் கேக்குது. வளவுக்குள்ளை கொண்டுபோய் விட்டுப் பாப்பமோ?"

"வளவுக்குள்ளை விட்டால் பக்கத்து வீட்டுக்காரி காணுவாள். ஒரு போன் அடிச்சாளெண்டால் உன்ரை நேர்முகம் துலைஞ்சுது. விசர்க்கதை கதையாதை. அதுக்கு வயித்துக் கோளாறு. ரெண்டு நாளிலை அடங்கும். விடு."

ரெண்டு நாளிலை அடங்கும்! அண்டைக்கு ட்ரங்கோலிலை சொன்ன அதே சொல்லு. நித்தியைப் பாத்தன். அவன்ரை முகத்திலை ஒண்டும் தெரியேல்லை. "ஓம் அண்ணா" எண்டான்.

அடுத்த நாள் இவர் வேலைக்குப் போன கையோடை நான் கம்பி வெட்டுற குறடு ஒண்டை எடுத்துக்கொண்டு போனன். "வா, கம்பியை வெட்டுவம். மரம் பட்டால் படட்டும்" எண்டன். அவன் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டான். "வேண்டாம் அண்ணி. அண்ணாட்டைக் கேக்காமல் வேண்டாம். எனக்காக உங்களோடை சண்டை பிடிப்பார்" எண்டான். எவ்வளவோ சொன்னன். கெஞ்சினன். பேசினன். கையை விடுறான் இல்லை. கடைசியிலை உடுப்புத் தோய்க்கிற தகரப் பேசினிலை வளவு மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வைச்சன். துரை அதுக்குள்ளை இறங்கி, ரெண்டு தரம் கிண்டி, தகரத்திலை நகம் பட்டதும் ஏறிவிட்டுது. திரும்பவும் கம்பிவலையடிக்கு. இரவும் பகலும் நகத்தாலை கம்பியை இழுக்கிற சத்தம். மிருக வைத்தியரிட்டைக் கொண்டு போவம் எண்டால், களவாய் வந்த சீவனை எப்பிடிக் காட்டுறது? கார்மனுவுக்குப் போன் எடுத்தன். தாயாரைக் கூட்டிக்கொண்டு மெல்பேர்ணுக்குப் போட்டானாம்.

நித்தி சாடிக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்தான். போத்தலாலை தண்ணி அடிச்சான். குடிக்கேல்லை. துரை பகலிலையும் கண்ணை மூடினது. கடைசியாய்க் கம்பியிலை ஒரு கால் மாட்டினபடி துரை செத்துப்போய்க் கிடந்தது. காலமை தேத்தண்ணி கொண்டுபோன நான்தான் கண்டனான். அவன் பக்கத்திலை முழிச்சபடி இருந்தான்.

நான் அழுதன். ஓணானுக்கு அழுதனோ அவனுக்கு அழுதனோ எண்டு கேளாதேங்கோ. அவன் அழேல்லை. கால் முறியாமல் மெல்லக் கழட்டி, பின் பைப்படிக்குக் கொண்டுபோய், பேப்பரை விரிச்சு, சவர பிளேற்றாலை வயித்தைக் கீறினான். நான் கையாலை வாயைப் பொத்திக்கொண்டு நிண்டன். உள்ளை முழுக்க முட்டை. வெள்ளையும் மஞ்சளுமாய், நெருக்கி நெருக்கி, மூச்சு விட இடமில்லாமல். தாட்டு மூட மண் தேடின சீவனைத்தான் நாங்கள் வயித்துக் கோளாறு எண்டு சாக விட்டம். துரையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தாய்.

இவர் சவரம் எடுத்த முகத்தோடை வெளியிலை வந்தார். பேப்பரைப் பாத்தார்.  பிறகு, "பொம்பிளையோ இது? ஆர் கண்டது?" எண்டார். அவரின்ரை குரலும் உடைஞ்சுதான் இருந்தது, அதை நான் மறைக்கேல்லை. ஆனால் அதோடை விட்டாரோ? "சரி, பக்கத்து வீட்டுக்காரி காண முதல் கெதியாய் எடுத்துக் குப்பைப் பேணிக்குள்ளை போடு" எண்டார்.

நித்தி மண்வெட்டியை எடுத்தான். வளவு நடுவிலை, உடுப்புக் காயப்போடுற கம்பத்துக்குப் பக்கத்திலை, எல்லாரும் பாக்கக்கூடிய இடத்திலை கிடங்கு வெட்டினான். முழங்கை மட்டும் ஆழம். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்து, "தோட்டமோ?" எண்டு கேட்டாள். "இல்லை. செத்த வீடு" எண்டு இங்கிலிசிலை திருத்தமாய்ச் சொன்னான். இவர் வீட்டுக்குள்ளை ஓடிவிட்டார்.

அதுக்குப் பிறகு நித்தி நல்லாய்க் கதைச்சான். அதுதான் எனக்குப் பயம். சாப்பிட்டான், குளிச்சான், சீப்பாலை தலை இழுத்தான். இவர் கேட்ட கேள்விக்கெல்லாம் டக்குடக்கெண்டு மறுமொழி. "பாத்தியோ, நாகேசு? ஓணான் போனதோடை ஆள் தெளிஞ்சிட்டான். நான் சொன்னனான்" எண்டு இவர் பெருமைப்பட்டார். எனக்கு எரிஞ்சது. "உங்களுக்குக் கண் இருக்கோ?" எண்டு கேட்டன். அவன் எங்களை முந்தி இல்லாத மாதிரி நேராய்ப் பாத்துக் கதைக்கிறதை மனுசன் கவனிக்கேல்லை.

நேர்முகத்துக்கு மூண்டு பேரும் ரயிலிலை போனம். இவர் தன்ரை கலியாணக் கோட்டை நித்திக்குப் போட்டுவிட்டிருந்தார். பரமற்றாவிலையிருந்து சென்ரல் மட்டும் அதை இப்பிடிச் சொல்லு, இதை இப்பிடிச் சொல்லு எண்டு ஓயேல்லை. நித்தி யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டு வந்தான்.

கந்தோரிலை ஒரு வயசான அதிகாரி. நல்ல மனுசன், எங்களையும் உள்ளை வந்து இருக்க விட்டார். பேர், படிப்பு, வேலை எல்லாம் கேட்டார். நித்தி சொன்ன வடிவுக்கு, எனக்கு அந்தக் கதிரையிலை இருந்தே பெருமையிலை கண் கலங்கினது. அதிகாரி சிரிச்சுப்போட்டு, "உங்கட இங்கிலிசு நல்லாயிருக்கு. சரி, நீங்கள் அண்ணனோடை அவுஸ்திரேலியாவிலை இருக்க விரும்புறியளோ?" எண்டு கேட்டார். அலுவல் முடிஞ்சுது எண்டு இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"இல்லை, சேர்" எண்டான் நித்தி. "நான் திரும்பிப் போகப் போறன்."

"டேய், என்ன சொல்லுறாய்?" எண்டு இவர் தமிழிலை பாய்ஞ்சார். "பயத்திலை உளறுறான், சேர்." அதிகாரி கையைக் காட்டி இவரை இருக்கச் சொன்னார். நித்தி அந்த மனுசனிட்டை மன்னிப்புக் கேட்டுப் போட்டு, கதிரையைத் திருப்பி, அண்ணன்ரை முகத்தைப் பாத்துத் தமிழிலை கதைச்சான். சத்தம் போடேல்லை.

"அண்ணா, நீங்கள் நில் எண்டனீங்கள், நான் நிண்டன். என்னோடை இரஞ்சிதமும் நிண்டாள். அவளுக்கு ஆரும் கொள்ளி வைக்கேல்லை. எந்தக் கிடங்குக்குள்ளை போட்டவங்கள் எண்டு நான் போய்க் கேக்க வேணும்."

"அங்கை போனால் உன்னையும் கொல்லுவாங்களடா!"

"கொல்லலாம். ஆனால் இஞ்சை இருந்தால் நான் உங்களை வெறுக்கத் தொடங்கிவிடுவன். இப்பவே தொடங்கீட்டுது. அது எனக்கு விருப்பமில்லை, அண்ணா."

இவர் என்னைத் திரும்பிப் பாத்தார். "நாகேசு, நீ சொல்லு. நீ சொன்னால் கேப்பான்." எனக்குத் தெரியும், நான் அழுது கேட்டிருந்தால் அவன் நிண்டிருப்பான். அவனை விடுகிற எண்ணம் என்ரை உடம்பிலை ஒரு மயிருக்கும் இல்லை. ஆனால் அவனை இன்னொருத்தி நில் எண்டு சொல்லி நிப்பாட்டுறதோ? நான் மாட்டன். "அவன்ரை காலிலை அவன் போகட்டும்" எண்டு சொல்லிப்போட்டுக் குனிஞ்சு இருந்து அழுதன். அந்த வெள்ளைக்கார மனுசன் எங்கட தமிழ் ஒண்டும் விளங்காமலே எனக்குத் தண்ணி ஊத்தித் தந்தார்.

வைகாசி நடுவிலை மஸ்கொட் எயார்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டம். குளிர் தொடங்கின காலம். நான் கட்டிப்பிடிச்சு அழ, அவன் என்ரை முதுகைத் தடவிவிட்டான். பிறகு அண்ணனுக்கு முன்னாலை போய் நிண்டான். இவர் தொண்டையைச் செருமினார். வழக்கமான குரலிலை தொடங்கினார். "அங்கை இறங்கின உடனை நீ நேரை..."

அங்காலை வரேல்லை. வாய் திறந்தபடி நிக்குது, சொல்லு இல்லை. அந்த மனுசன் ஒரு உத்தரவை அரையிலை விட்டதை நான் என்ரை சீவியத்திலை அண்டைக்குத்தான் கண்டன். நித்தி தலையைக் குனிஞ்சபடி நிண்டான். சின்ன வயதிலை நிக்கிற மாதிரியே, அண்ணன் சொல்லி முடிக்குமட்டும் காத்துக்கொண்டு நிண்டான். எவ்வளவு நேரம் நிண்டானோ, பின்னாலை சனம் தள்ளுது.   பிறகு நித்தி பையைத் தூக்கிக்கொண்டு உள்ளை போனான்.

அநுராதபுரத்துக்கெண்டு யாழ்ப்பாணத்திலையிருந்து போகேக்கை வவுனியாவிலை அவன் ரயில் மாறினதைக் கண்டவை இருக்கினம். அதுக்கங்காலை கண்டதாய் ஒருத்தரும் சொல்லேல்லை. வருசம் ஒண்டு தாண்டிப்போச்சு. தம்பியார் எப்பிடி எண்டு ஆரும் கேட்டால் சுகமாய் இருக்கிறான் எண்டு இவர் சொல்லுறார், நான் எழும்பிக் குசினிக்குள்ளை போயிடுவன்.